பொது இடங்களில் இலவச வைஃபை: அபாயம் எங்கே உள்ளது?

கொச்சித் துறைமுகத்தின் வாயிலில், ஒரு பக்கம் அரபிக் கடலும் மறு பக்கம் காயலுமாக, வடக்கே முனம்பம் வரை நீண்டு கிடப்பது வைப்பின் தீவு. 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை, இத்தீவினர் எர்ணாகுளம் செல்லப் பெரிதும் படகையே நம்பியிருந்தனர். பாலம் வந்த பின்னரும் படகின் செல்வாக்குக் குறைந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கப்பெற்றபொழுது, உயர்நீதிமன்றத் துறையையும் வைப்பினையும் இணைக்கும் வழியே முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. எதிர்க்கரையிலுள்ள ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் செல்வோர், வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுக்காக இன்றும் துறையில் காத்திருக்கின்றனர்.

இவ்வாறு காத்திருக்கும் சில நிமிஷங்களில் பிரயாணி தம் கைபேசியை எடுத்து, அருகில் இலவச வைஃபை ஏதேனும் கிடைக்கிறதா என்று பார்ப்பது இயல்பு. திரையில் நான்கைந்து பெயர்கள் தோன்றும். அவற்றுள் பூட்டுக் குறி இல்லாத ஒன்றைத் தொட்டால் இணைப்புக் கிடைத்துவிடும். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பதை அறிய அத்திரையில் யாதொரு வழியும் இல்லை. இக்கட்டுரையில் ஆராயப்படும் விஷயம் இதுவே.

இலவச வைஃபை வீண் ஆடம்பரம் அன்று என்பதை முதலில் கூறிவிட வேண்டும். எர்ணாகுளம் ரயில்வே ஸ்டேஷனில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், அங்குக் கிடைத்த இலவச வைஃபையின் துணைகொண்டு, காதில் செவிப்பொறியைப் பொருத்திக்கொண்டு மூட்டைகளைச் சுமக்கும்பொழுதே பாடங்களைக் கேட்டுப் பயின்று, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்ற செய்தி 2018-இல் நாடெங்கும் வெளிவந்தது. அவர் எழுதியது கிராமக் கள உதவியாளர் பதவிக்கான தேர்வு. கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கம் 'கே-ஃபை' என்னும் திட்டத்தின் வாயிலாகப் பொது இடங்களில் நாள்தோறும் ஒரு ஜிபி அளவுக்கு இலவச இணைப்பு வழங்கி வருகிறது. மத்திய அரசு 2020 டிசம்பரில் அங்கீகரித்த 'பி.எம்.-வாணி' திட்டத்தின்படி, சிறு கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை வழங்கலாம். ஆகவே, "பொது வைஃபையைத் தொடவே தொடாதீர்" என்னும் புத்திமதி சொல்வதற்கு எளிது. அச்சௌகரியத்தையே நம்பியிருப்பவருக்கு அதனால் பயன் இல்லை. எதை அஞ்ச வேண்டும், எதை அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்துக் காட்டுவதே அவருக்கு உதவும்.

வைஃபை என்பது வானொலி அலை. கம்பியில் செல்லும் செய்தி அதன் வழியே செல்லும். அலையில் செல்லும் செய்தியோ எல்லாத் திசைகளிலும் பரவும். கேட்கத் தெரிந்தவர் எவரும் கேட்கலாம், பேசத் தெரிந்தவர் எவரும் இடையில் புகுந்து பேசலாம். இவ்வுண்மை வெளிப்பட்ட சந்தர்ப்பம் சுவையானது. 1903 ஜூன் மாதத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பற்றிப் பேராசிரியர் ஃபிளெமிங் சொற்பொழிவாற்றினார். தொலைவிலுள்ள கார்ன்வால் கடற்கரையிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்புவதாக ஏற்பாடு. அச்செய்தி வருவதற்கு முன்பே கருவி தானாகத் துடிக்கத் தொடங்கியது. மார்க்கோனியைக் கேலி செய்யும் சொற்களும் செய்யுளும் அதில் வந்தன. அனுப்பியவர் நெவில் மாஸ்கலின் என்னும் மந்திர வித்தைக்காரர். தம் முறையில் பிறர் குறுக்கிட இயலாது என்று மார்க்கோனி கூறி வந்ததைப் பொய்யாக்கவே அவர் அவ்வாறு செய்தார். இக்குறும்பைச் சபை நாகரிகமற்ற செயல் என்று ஃபிளெமிங் கடிந்துகொண்டார். எனினும், விஞ்ஞான நோக்கில் வித்தைக்காரர் நிரூபித்தது சரியே.

அலையைப் பிறர் கேட்பதைத் தடுக்க இயலாது. கேட்டாலும் விளங்காதபடி செய்ய இயலும். அதற்கான உபாயம், செய்தியைச் சங்கேதமாக மாற்றி அனுப்புவது. வைஃபைக்கு முதலில் அமைக்கப்பட்ட 'வெப்' என்னும் சங்கேத முறையின் பலவீனத்தை 2001-இல் கணித வல்லுநர் மூவர் வெளிப்படுத்தினர். அதன் பின், 2004 முதல் வழங்கி வரும் 'டபிள்யூ.பி.ஏ.2' முறை மிகவும் வலியது. ஆனால் ஒரே கடவுச்சொல்லைப் பலரும் அறிந்திருக்கும் இடத்தில் அதற்கும் ஒரு குறை உண்டு. தேநீர்க் கடையின் சுவரில் எழுதி ஒட்டப்பட்ட கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், அருகில் அமர்ந்திருப்பவரின் கைபேசி இணைப்புப் பெறும் கணத்திலிருந்தே அலைகளைப் பதிவு செய்வாராயின், அவற்றைப் பிரித்துப் படிக்க இயலும். 2018-இல் வெளிவந்த 'டபிள்யூ.பி.ஏ.3' இக்குறையை நீக்கியது. எனினும் பழைய பெட்டிகள் இன்னும் பல இடங்களில் இயங்கி வருகின்றன. கடவுச்சொல்லே கேட்காத இலவச வைஃபையிலோ, பெரும்பாலும், அலைக்கு எவ்விதச் சங்கேதமும் இல்லை.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் அமெரிக்க நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு நிரலை யாவரும் பெறுமாறு வெளியிட்டார். அதனைக் கொண்டவர் ஒரு தேநீர் விடுதியில் அமர்ந்து, அங்குள்ள பிறரின் ஃபேஸ்புக் முதலான கணக்குகளுக்குள் ஒரே தொடுதலில் நுழைய முடிந்தது. அக்காலத்து இணையதளங்கள் பல, கடவுச்சொல்லை மட்டும் சங்கேதமாக்கிவிட்டு, பின்னர் நடப்பனவற்றை வெளிப்படையாகவே அனுப்பி வந்தன. அந்த அலட்சியத்தை உலகுக்குக் காட்டுவதே பட்லரின் நோக்கம். அதற்குப் பலனும் கிட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் யாவும் முழுப் போக்குவரத்தையும் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்னும் சங்கேத முறைக்கு மாற்றின. 2015-இன் இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு அதற்கான சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியதால் சிறிய தளங்களும் தொடர்ந்தன.

இம்முறையில் செய்தி கைபேசியிலேயே பூட்டப்படுகிறது. வங்கியின் கணினியில்தான் திறக்கப்படுகிறது. இடையிலுள்ள வைஃபைப் பெட்டி திருடனுடையதே ஆயினும், அவனுக்குக் கிடைப்பது பூட்டிய பெட்டகமே. எந்தத் தளத்துக்குச் சென்றார் என்பதை அவன் பெரும்பாலும் அறியலாம். அங்கு என்ன எழுதினார் என்பதை அறிய இயலாது. ஆகவேதான் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம்கூடத் தன் பழைய எச்சரிக்கையை மாற்றி, பொது வைஃபை இப்பொழுது பெரும்பாலும் பாதுகாப்பானதே என்று பொதுமக்களுக்குக் கூறுகிறது. ஒட்டுக் கேட்பவனைப் பற்றிய பழைய அச்சம் பெரும்பகுதி நீங்கிவிட்டது எனலாம்.

இன்றுள்ள அபாயம் வாயிலில் நிற்கிறது.

2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில், உள்நாட்டு விமானம் ஒன்றின் ஊழியர்கள் பறக்கும் விமானத்துக்குள் ஐயத்துக்குரிய வைஃபை ஒன்றைக் கண்டு புகார் செய்தனர். விசாரணையில் ஒருவர் தம் பெட்டியில் சிறு சாதனம் ஒன்றை வைத்திருந்தது தெரிய வந்தது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களிலும் அது இயங்கியிருந்தது. பிரயாணிகள் அறிந்த வைஃபையின் பெயரையே அச்சாதனம் தன் பெயராகக் காட்டும். இணைந்தவரின் திரையில் ஒரு நுழைவுப் பக்கம் தோன்றி, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கொடுத்தவை அவரிடம் சேர்ந்துவிடும். அவருக்கு 2025 நவம்பரில் ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதில் எந்தச் சங்கேதமும் உடைக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிரயாணிகள் தாமே சாவியை எடுத்துக் கொடுத்தனர்.

பெயர் உண்மையானதாக இருந்தும் பக்கம் பொய்யாக இருத்தல் கூடும். 2024 செப்டம்பர் 25-ஆம் நாள் பிரிட்டனில் 19 பெரிய ரயில்வே ஸ்டேஷன்களின் வைஃபையில் இணைந்தவர்கள், வழக்கமான நுழைவுப் பக்கத்துக்குப் பதிலாக வெறுப்புச் செய்தி ஒன்றைக் கண்டனர். அச்சேவையை வழங்கிய நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே கைது செய்யப்பட்டார். பிரயாணிகளின் விவரங்கள் எவையும் களவு போகவில்லை என்று அறிவிக்கப்பட்டது. எனினும், அப்பக்கத்தை மாற்ற வல்லவர், விரும்பியிருப்பின் வேறொன்றையும் கேட்டிருக்கலாம் அன்றோ?

ஆகவே, நுழைவுப் பக்கம் எதைக் கேட்கிறது என்பதே முக்கியமான சோதனை. இந்தியாவில் முறையான பொது வைஃபை, கைபேசி எண்ணைக் கேட்டு, அதற்கு ஓ.டி.பி. ஒன்றை அனுப்பும். அவ்விரண்டுக்கு மேல் இலவச இணைப்புக்கு எதுவும் தேவையில்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல், வங்கி அட்டை எண், ஆதார் எண், யு.பி.ஐ. ரகசிய எண் ஆகியவற்றுள் எதைக் கேட்டாலும் அப்பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும். ஓ.டி.பி. வந்த குறுஞ்செய்தியையும் முழுவதும் படித்தல் அவசியம். வைஃபைக்கென்று கேட்கப்பட்ட எண், உண்மையில் வங்கிப் பரிமாற்றத்துக்கோ வாட்ஸப் கணக்கை வேறு கைபேசிக்கு மாற்றுவதற்கோ வந்ததாக இருக்கலாம். அச்செய்தியிலேயே அது எழுதப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துப் பதிவதே நம்மில் பலருடைய வழக்கம்.

தளத்தின் முகவரி அருகே தோன்றும் பூட்டுக் குறியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பூட்டு உண்டு என்றால் வழியில் எவரும் படிக்க இயலாது என்பதே பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பது பொருள் அன்று. மோசடித் தளங்களும் சான்றிதழ் பெறுகின்றன. இக்காரணத்தாலேயே கூகுளின் குரோம் உலாவி 2023-இல் அப்பூட்டுக் குறியை நீக்கிவிட்டது. ஆனால், சான்றிதழ் பொருந்தவில்லை என்று உலாவி எச்சரித்தால் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. பூட்டிய பெட்டகத்தைத் திறந்து கொடுப்பதற்கு அது சமமாகும்.

வங்கி வேலைக்கும் அலுவலகப் பதிவேடுகளுக்கும் கைபேசியின் சொந்த இணைப்பை உபயோகிப்பதே சிறந்தது. 2016-க்குப் பின் அதன் விலை பெரிதும் குறைந்துள்ளமையால் அதற்கு ஆகும் செலவு அற்பமே. ஞாறக்கல்லிலுள்ள கிருஷி விஞ்ஞான் கேந்திரத்தைப் போன்ற நிலையங்களிலிருந்து களத்துக்குச் செல்வோர், விவசாயிகளின் வங்கி விவரங்களையும் கையாள நேரலாம்; அவை பிறர் பொருள் என்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'வி.பி.என்.' செயலிகள் அபாயத்தை நீக்குவதில்லை. நம்பிக்கையை வைஃபைக்காரரிடமிருந்து செயலிக்காரரிடம் மாற்றுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் வி.பி.என்.களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கடினம்.

உபயோகிப்பவர் மட்டுமின்றி, வைஃபையை வைத்திருப்பவரும் கவனமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. 2008 ஜூலை 26-ஆம் நாள் ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னர் அனுப்பப்பட்ட பயங்கரவாத மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் இணைப்பிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். பாதுகாப்பற்ற அவரது வைஃபையை வேறு எவரோ உபயோகித்திருந்தனர். அடுத்த மாதம் மும்பைக் கல்லூரி ஒன்றின் இணைப்பும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. இவற்றின் விளைவாகவே தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைத் திறந்து போடலாகாது என்றும், பொது இடங்களில் உபயோகிப்போரை அடையாளம் காண வழி வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இன்று கேட்கப்படும் ஓ.டி.பி.யின் பூர்வோத்தரம் இதுவே. பள்ளி அலுவலகத்தின் வைஃபைக் கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ளலாம்.

பொய்ப் பெயரின் ஆற்றலை வகுப்பறையில் காட்டுவதற்கு மூன்று கைபேசிகள் போதும். முதல் கைபேசியில் 'ஹாட்ஸ்பாட்' வசதியைத் திறந்து, அதற்குப் 'பள்ளி நூலகம்' என்று பெயரிட்டு ஒரு கடவுச்சொல் அமைக்க வேண்டும். மூன்றாவது கைபேசியை அதனுடன் இணைத்து, பின் முதலாவதை அணைத்துவிட வேண்டும். இப்பொழுது இரண்டாவது கைபேசியில் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொண்ட ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால், மூன்றாவது கைபேசி எவரையும் கேளாமல் தானாகவே அதனுடன் சேர்ந்துகொள்வதை மாணவர் காணலாம். கடவுச்சொல் இல்லாத வைஃபையாயின், பெயர் ஒன்றே போதுமானது. சோதனை முடிந்ததும், மூன்றாவது கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று அப்பெயரை 'மறந்துவிடு' என்று நீக்கச் செய்தல் வேண்டும். அங்கே அதற்கு முன்பு இணைந்த பழைய பெயர்களின் பட்டியலும் இருக்கும்; படகுத் துறை, ஸ்டேஷன், தேநீர்க் கடை என்று அது நீண்டிருக்குமாயின், அவற்றையும் அப்பொழுதே நீக்கிவிடலாம்.