பதில் வராத நாளிலும் செபம்

கேட்டது கிடைக்காத காலத்திலும் கடவுளை விடாமல் பற்றியிருப்பது கிறிஸ்தவ வாழ்வில் மிகக் கடினமான பகுதி. கேட்கிறவனுக்குக் கொடுக்கப்படும், தட்டுகிறவனுக்குத் திறக்கப்படும் என்பது இயேசுவே தந்த வாக்கு. அந்த வாக்கு இருப்பதால்தான் தாமதம் வலிக்கிறது. கடவுள் இல்லை என்று இருப்பவருக்கு வானத்தின் மௌனம் ஒரு பிரச்சினையே அல்ல. தகப்பன் என்று கூப்பிட்டுப் பழகியவருக்கோ, நோய் தீராத ஒவ்வொரு மாதமும், பிள்ளை இல்லாமல் கழியும் ஒவ்வொரு ஆண்டும், குடியை விடாத கணவன் தள்ளாடி வரும் ஒவ்வொரு இரவும் அந்த உறவைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியை வேதாகமம் மறைக்கவில்லை. ஆபிரகாம் ஊரை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. வாக்களிக்கப்பட்ட ஈசாக்கு பிறந்தபோது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவரும் சாராளும் பொறுமையின் சிகரமாக இருந்துவிடவில்லை. குறுக்கு வழி தேடினார்கள், சிரித்தார்கள், சந்தேகப்பட்டார்கள். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று குருவானவரே தவறாக நினைத்தார். லாசரு சாகக் கிடக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு மேலும் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார். அவர் போய்ச் சேர்ந்தபோது உடல் கல்லறையில் வைத்து நான்கு நாளாகியிருந்தது. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே அவரிடம் சொன்னார்கள். அது குறை சொல்லும் பேச்சுதான். அதற்காக இயேசு அவர்களைக் கடிந்துகொண்டதாக யோவான் எழுதவில்லை.

அழுது முறையிடுவது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "அப்படியெல்லாம் பேசக் கூடாது, சாமி கோவிச்சுக்கும்" என்று வீட்டுப் பெரியவர்களே வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் 150 சங்கீதங்களில் முறையீடாக அமைந்தவை மிகப் பல. எத்தனை காலம் என்ற ஒரே கேள்வியையே 13-ஆம் சங்கீதம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆறுதல் வரி எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் செபப் புத்தகத்தில் வைத்துக் காத்துவந்திருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. பேரப்பிள்ளை காலம் வரை காய்க்கும் என்று நட்ட மரங்கள் அவை. மறுபடி கன்று வைத்தாலும் நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குடும்பத்தால் உடனே நன்றிப் பாட்டுப் பாட முடியாது, பாடவும் வேண்டியதில்லை. அப்போது வாயில் வைத்துச் சொல்லத் தகுந்த வார்த்தைகள் சங்கீதப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன. கடவுளிடமே போய்க் கடவுளைப் பற்றி முறையிடுகிறவர் அவரை விட்டுப் போகவில்லை.

தனி ஆள் மட்டுமல்ல, ஊர் முழுவதும் சேர்ந்து காத்திருந்த வரலாறும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. விராலிமலைப் பக்கம், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே இருக்கிறது ஆவூர். 17-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிரெஞ்சு சேசு சபைக் குருவான வெனான்சியுஸ் பூஷே இங்கே முதல் ஆலயத்தைக் கட்டினார். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மிஷனின் முக்கியமான நிலையங்களுள் ஒன்றாக ஆவூர் வளர்ந்தது. பாரிஸில் அச்சாகி ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்ட சேசு சபைக் கடிதத் தொகுதிகளில் இந்தச் சிற்றூரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இங்கே பணிசெய்தவர். இன்று நிற்கும் பெரியநாயகி மாதா ஆலயம் 1747-இல் எழுந்தது.

அதற்கு 26 ஆண்டுகளுக்குப் பின் ரோமிலிருந்து வந்த உத்தரவு எல்லாவற்றையும் மாற்றியது. 1773 ஜூலை 21-ஆம் தேதி பதினான்காம் கிளமெண்ட் பாப்பரசர் சேசு சபையையே கலைத்துவிட்டார். ஐரோப்பிய அரசர்களின் நெருக்கடிதான் காரணம். ஆவூர் மக்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. இருந்த குருக்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வரவில்லை. கோவாவிலிருந்து வந்த குருக்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். ஆனால் மதுரை மிஷனின் பரப்புக்கு அந்த எண்ணிக்கை எந்த மூலைக்கும் போதாது. சபை 1814-இல் மறுபடி உயிர்பெற்றது. பிரெஞ்சு சேசு சபையார் இந்தப் பகுதிக்குத் திரும்பியது 1838 வாக்கில். கணக்கிட்டால் 65 ஆண்டுகள்: பாட்டன் கேட்ட செபத்துக்குப் பேரன் காலத்தில் பதில்.

அந்தக் கால மக்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதில்தான் இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கையில் வேதப் புத்தகம் கிடையாது. இருந்தது மனப்பாடம். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை, செபமாலை. மதுரை மிஷனில் ஆரம்பம் முதலே குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு முறை வந்தால் அதிகம். ஆகவே அன்றாடப் பொறுப்பு உபதேசியார் தோளில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டிச் செபம் சொல்ல வைப்பவர் அவர். சாகக் கிடக்கும் பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர் அவர். மரணப் படுக்கையில் இருப்பவர் காதருகே மனஸ்தாப மந்திரம் சொல்பவரும், பிணத்தை அடக்கம் செய்யும்போது முன்நிற்பவரும் அவரே. குருக்கள் இல்லாத தலைமுறைகளில் அந்தப் பழைய ஏற்பாடு ஊரைத் தாங்கிப்பிடித்தது.

ஒவ்வொருவர் உள்ளத்திலும் அந்த 65 ஆண்டும் பக்தி கொழுந்துவிட்டு எரிந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. சலிப்பு இருந்திருக்கும், விட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் மாலையில் விளக்கேற்றியதும் குடும்பத்தோடு முழங்காலிட்டுச் செபமாலை சொல்லும் வழக்கத்துக்கு மனநிலை தேவையில்லை. 53 பிரியதத்த மந்திரத்தையும் மனம் ஒன்றிச் சொல்கிற நாளும் உண்டு, கண் சொருகிக்கொண்டே சொல்கிற நாளும் உண்டு. உணர்ச்சி வற்றிய நாளில் வழக்கம் கைகொடுக்கிறது. வெறும் வாய்ச் செபம் என்று இதை ஏளனமாகப் பேசுகிறவர்கள், வறண்ட காலத்தில் மனிதனுக்கு என்ன மிஞ்சும் என்பதை யோசிப்பதில்லை.

இதே காலத்தில் தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குரு அபே துய்புவா வேறு முடிவுக்கு வந்தார். 1792-இல் வந்து, பெரும்பாலும் மைசூர்ப் பகுதியில் மக்களோடு மக்களாக உடுத்தி உண்டு வாழ்ந்த அவர், 1823-இல் நம்பிக்கை இழந்து நாடு திரும்பினார். இந்த மண்ணில் கிறிஸ்தவம் வேரூன்ற வழியில்லை என்று அதே ஆண்டு லண்டனில் வெளியான கடிதங்களில் எழுதினார். அவர் சோம்பேறியோ போலியோ அல்ல. 31 ஆண்டு உழைத்த மனிதரின் மனம் உடைந்தது, அவ்வளவுதான். அவர் கப்பலேறிய 15 ஆண்டுகளில் மதுரை மிஷனுக்குக் குருக்கள் திரும்பி வந்தார்கள்.

வந்த பதிலும் கேட்ட வடிவில் வரவில்லை. புதிதாக வந்த பிரெஞ்சுக் குருக்களுக்கும் ஏற்கெனவே இருந்த கோவாக் குருக்களுக்கும் இடையே அதிகாரத் தகராறு மூண்டது; ஆலயங்கள் யாருக்கு என்று ஊர்கள் இரண்டுபட்டன. வந்தவர்களில் பலர் வெயிலும் காலராவும் தாங்காமல் சில ஆண்டுகளுக்குள் இளம் வயதிலேயே இறந்தார்கள். பிறகுதான் நிலைமை மெல்லத் தேறியது. 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது.

கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இருக்கும் இந்த இடைவெளியைப் புனித மோனிக்காவின் வாழ்க்கை நன்றாகக் காட்டுகிறது. தன் மகன் அகுஸ்தீன் கடல் கடந்து ரோமுக்குப் போய்விடக் கூடாது என்று அந்தத் தாய் ஓர் இரவெல்லாம் அழுது செபித்தார். அன்றிரவே மகன் ஏமாற்றிவிட்டுக் கப்பலேறிவிட்டான். இத்தாலிக்குப் போன அந்த மகன்தான் 387-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழாவில் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றான். அன்றைக்குக் கேட்டதைக் கடவுள் தரவில்லை, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைத் தந்தார் என்று அகுஸ்தீனே பின்னாளில் விளக்கினார்.

ஆனால் எல்லாக் காத்திருப்புக்கும் இப்படி ஒரு நல்ல முடிவு உண்டு என்று சொல்வது உண்மையாகாது. கெத்சமனேயில் இயேசு மூன்று முறை செபித்தும் பாத்திரம் நீங்கவில்லை. உடலில் குத்திய முள் அகல வேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டினார். முள் அகலவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. தமிழ்நாட்டிலேயே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 'அம்மா'வாக இருந்தவர். அவர் குணமாக வேண்டும் என்று அந்த வளாகமே செபித்தது. குணமாகவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன; அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். இல்லை என்பதும் பதில்தான் என்பது அவர் சிறுவயதிலேயே கற்ற பாடம். நீலக் கண் வேண்டும் என்று குழந்தையாகக் கேட்டு, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்த கதையை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

திருத்தலங்களுக்குப் போகிறவர் இதை நினைவில் வைப்பது நல்லது. வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. வெள்ளியில் செய்த கண், கை, கால், சின்னத் தொட்டில், வீடு எல்லாம் அங்கே நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நிறைவேறிய ஒரு செபம். நேர்ச்சையைச் செலுத்திய ஒரு குடும்பத்தின் கண்ணீர். அவற்றை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆலயத்துக்கு அதே தூரம் நடந்து வந்து, வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி இல்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களிலும் இதே நிலைதான். கிடைத்தவர் மேடையேறுகிறார், கிடைக்காதவர் கடைசி வரிசையில் கைதட்டிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிறார். கேட்காமலிருந்ததால் அவருக்குக் கிடைக்காமல் போகவில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு கொடிய போதனை நுழைகிறது: விசுவாசம் போதாததால்தான் சுகமில்லை, வீட்டில் மறைந்த பாவம் இருப்பதால்தான் பிள்ளையில்லை என்று சொல்வது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்று இயேசு மறுத்திருக்கிறார். யோபுவின் நண்பர்களும் அதே போதனையைத்தான் செய்தார்கள். கடவுளின் கோபம் யோபு மேல் எழவில்லை, அந்த நண்பர்கள் மேல் எழுந்தது. நோயாளியின் தலையில் நோயோடு குற்ற உணர்வையும் ஏற்றுவது ஊழியம் அல்ல. விசுவாசத்தைக் காட்டுவதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் அப்படியே. நற்செய்தி எழுதிய லூக்காவே மருத்துவர். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொண்டே செபிக்கலாம். குடியை விட மருத்துவமனையில் சேர்த்துவிட்டும் செபிக்கலாம்.

திருவழிபாட்டு ஆண்டே காத்திருக்கப் பழக்கும் விதமாக அமைந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு வாரம் திருவருகைக் காலம், உயிர்ப்புக்கு முன் 40 நாள் தவக்காலம். பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை பகலில் பலிபூசை கிடையாது. பீடத்தில் விரிப்பு இருக்காது, நற்கருணைப் பேழை திறந்து காலியாகக் கிடக்கும். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில், எதுவும் நடக்காத அந்த ஒரு பகலைத் திருச்சபை தாண்டிக் குதிப்பதில்லை, முழுவதுமாக வாழ்கிறது. ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிப் பாஸ்கா நாடகமும் அதைத் தொடர்ந்து தேரும் நடப்பது நெடுங்கால வழக்கம்.

தனியாகக் காத்திருக்கிறவர் சீக்கிரம் சோர்ந்துவிடுவார். கத்தோலிக்கப் பங்குகளில் தெருவாரியாக வீடுகளில் கூடும் அன்பியமும், மற்ற சபைகளில் நடக்கும் உபவாச செபமும் வீட்டு செபக் கூட்டமும் இதற்காகவே பயன்படுகின்றன. வாய் திறந்து செபிக்கவே முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்காகச் சொல்கிறார்கள். கப்பர்நகூமில் நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கியபோது, இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். அன்பியக் கூட்டம் முடிந்தபின் காத்திருக்கும் குடும்பத்துக்கு நடைமுறை உதவியும் தேவைப்படுகிறது: மருத்துவமனைக்குத் துணைக்குப் போவது, இரவு ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தனுப்புவது, என்னாச்சு என்று துளைக்காமல் கொஞ்ச நேரம் திண்ணையில் கூட உட்கார்ந்திருப்பது. எழுந்து வர முடியாதவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளியில் குருவானவர் வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகும் வழக்கம் பல பங்குகளில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அன்பியத்தாரும் கூடவே போகலாம்.