கடலுள் உறங்கும் கப்பற்றலைவர்

மட்டக்களப்பு வாவி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று நாம் கிழக்கே நோக்கினால், அலையன்றி வேறொன்றும் தோன்றாது. ஆயினும் அக்கடலின் அடியில், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே, 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது.

இரண்டாம் உலகப் போரிலே அதனை நடத்திய தலைவர் றிச்சட் ஒன்சிலோ. 1942 ஏப்பிரல் 8ஆம் நாள் இரவு, யப்பானியர் தாக்கக்கூடும் என்று அறிந்து, கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு நீங்கியது. மறுநாட் காலை பகைவர் அதனைக் கண்டுகொண்டனர். விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானமேனும் இல்லை. குண்டுமழையிற் சில நிமிடங்களிலே கப்பல் மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். ஒன்சிலோவும் அவர்களுள் ஒருவர். உயிர் தப்பிய ஏறக்குறைய 600 பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

போரில் வீழ்ந்தோர்க்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டியவர் நம் முன்னோர். கடலிலே கல் நாட்டுவது எங்ஙனம்? போரிலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் உற்றாரை இழந்து, உடலையேனும் காணாது கலங்கிய குடும்பங்கள் வாழும் கரை இது. கல்லறையும் இல்லாத சாவின் துயரை நாம் அறிவோம். ஆதலின், மாணவர்காள், அயல்நாட்டார் என்று ஒதுக்காது, அக்கடலைக் காணுந்தோறும் அவர்களையும் ஒருகணம் நினைவோமாக.