பெயர் ஒன்று, விட்டம் வேறு

யானைக்கும் காட்டெருமைக்கும் என்று இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய இரட்டைக்குழல் ரைஃபிள்கள் இன்றும் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு குண்டுகளும் வந்து சேரும், தாள் கிழிந்த டப்பாக்களில், சில நேரம் வெறும் துணிப்பையில். எந்தத் துப்பாக்கிக்கு உரியவை என்று எதிலும் எழுதியிருக்காது.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் புதிய எரியூட்டி பொருத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, வாயில் குண்டைச் செருகித் தோட்டாவாக்கும் கைவேலை அந்த நாடுகளில் சட்டப்படி நடக்கிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். பெரிய ரைஃபிள்களுக்குத் தோட்டா செய்துவந்த கைனாக் நிறுவனம் 1960-களை ஒட்டி அதைக் கைவிட்டதால், பல பழைய துப்பாக்கிகளுக்கு இந்தக் கைவேலைதான் ஒரே வழியாக இருந்தது. அதனால்தான் பெயர் தெரியாத குண்டும் அவர்களுக்குப் புதையல். ஆனால் தவறான குண்டைச் செருகினால் குழலே பிளக்கலாம்.

முதல் சோதனை விட்டம். வெர்னியர் காலிப்பர் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும். மைக்ரோமீட்டர் அதையும் பத்தாகப் பிரிக்கும். குண்டின் அடிக்குச் சற்று மேலே, முழுப் பருமன் உள்ள இடத்தில், திருப்பித் திருப்பி அளக்க வேண்டும். பழைய ஈயக் குண்டுகள் அடிபட்டு நசுங்கியிருக்கும் என்பதால் ஓர் அளவை மட்டும் நம்பக் கூடாது.

அளந்து கிடைத்த எண்ணை அப்படியே துப்பாக்கிப் பெயர்களில் தேடினால் ஏமாற்றம்தான். குழலின் உட்சுவரில் திருகுபோலப் பள்ளங்கள் ஓடுகின்றன. குண்டைச் சுழலவைப்பவை அவையே. எதிரெதிர் மேடுகளுக்கு இடையே அளந்தால் ஒரு விட்டம், பள்ளங்களுக்கு இடையே அளந்தால் அதைவிடப் பெரிய விட்டம். பிரிட்டிஷார் பெரும்பாலும் அங்குலத்தில் சொன்ன மேட்டளவை வைத்தே பெயரிட்டார்கள். குண்டோ பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைஃபிளுக்குள் சென்ற குண்டு 0.284 அங்குலம். அவருடைய இன்னொரு ரைஃபிள் .450/400; .450 கூட்டின் கழுத்தை .400-க்குக் குறுக்கியது என்று பொருள். அதன் குண்டோ ஏறக்குறைய 0.410. சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், குண்டு 0.411. பெயரில் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு ரைஃபிள்கள், குண்டில் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள்.

பெரிய குண்டுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு முற்றியதற்கு இந்தியாவில் போடப்பட்ட ஒரு தடை முக்கியக் காரணம். ரிக்பி நிறுவனம் 1898-இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 480 கிரெயின் எடையுள்ள குண்டோடு பெரும் வரவேற்பைப் பெற்றது. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 வகைதான், அதன் குண்டும் 480 கிரெயின்தான். வேட்டைத் தோட்டாக்களிலிருந்து குண்டைப் பிடுங்கிக் கிளர்ச்சியாளர்கள் மார்ட்டினி-ஹென்றியில் நிரப்பிக்கொள்வார்கள் என்று அரசு அஞ்சியது. 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்கள் தடைசெய்யப்பட்டன. ஆள்பவர்கள் பயந்தது இதே கைவேலைக்குத்தான்.

லண்டன், பர்மிங்காம் துப்பாக்கிக்காரர்கள் இந்தியச் சந்தையை விட்டுவிட மனமில்லாமல், ஆளுக்கொரு புது அளவைக் கொண்டுவந்தார்கள். .465-இன் குண்டு 0.468 அங்குலம். .470-இன் குண்டு 0.474. .476-இன் குண்டு 0.476. .475 நம்பர் 2-இன் குண்டு 0.483, அதே தோட்டாவை ஜெஃப்ரி நிறுவனம் செய்தபோது குண்டு 0.489 ஆகிவிட்டது. 0.474-க்கும் 0.476-க்கும் இடைவெளி அரைக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, 0.05 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

அடுத்தது எடை. விட்டமும் எடையும் சேர்ந்தால் வட்டம் சுருங்கும்: .470-க்கு 500 கிரெயின், .416 ரிக்பிக்கு 410, .505 கிப்ஸுக்கு 525 என்று ஒவ்வொன்றுக்கும் மரபான எடை உண்டு. பிறகு காந்தம். பழைய முழுக்கவசக் குண்டுகள் பலவற்றில் மேலுறைக்கு அடியில் எஃகு இருக்கும், காந்தம் பிடித்துக்கொள்ளும். இவை மென்மையான பழைய குழல்களின் பள்ளங்களைச் சிதைக்கக்கூடும் என்பதால் இந்தச் சோதனை அவசியம்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழியேதான். நீரோடு ஒப்பிட்டால் ஈயத்தின் அடர்த்தி 11.34 மடங்கு, செம்பினுடையது 8.96 மடங்கு. 500 கிரெயின் முழுச் செம்புக் குண்டை நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்து நிறுத்தால் சுமார் 3.6 கிராம் எடை குறையும். ஈயம் நிறைந்த குண்டு அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இழக்கும். குண்டை அறுக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று இப்படித் தெரிந்துகொள்ளலாம். அதே எடையில் செம்புக் குண்டு நீளம் அதிகம். கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். ஈயக் குண்டுக்கான மருந்தளவை அதற்கு எடுத்தாளவே கூடாது.

அரை அங்குலக் குண்டுகளில் இன்னோர் எச்சரிக்கை தேவை. அமெரிக்க ராணுவத்தின் .50 பிரவுனிங் குண்டுகளில் முனைக்குப் பூசிய வண்ணம் வகையைச் சொல்லும்: கறுப்பு என்றால் கவசம் துளைப்பது, நீலம் தீமூட்டுவது, வெள்ளிநிறம் இரண்டும் செய்வது. நீலம், வெள்ளிநிறக் குண்டுகளுக்குள் தீமூட்டும் கலவை இருக்கிறது. அவற்றை அறுப்பதோ துளைப்பதோ உருக்குவதோ உயிரோடு விளையாடுவது. வண்ணம் உதிர்ந்துபோன பழைய குண்டிலும் உள்ளிருக்கும் கலவை அப்படியே இருக்கலாம்.

குண்டை அளந்தால் மட்டும் போதாது, குழலையும் அளக்க வேண்டும். எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டைக் குழலுக்குள் தள்ளி மறுமுனையில் எடுத்தால், பள்ளங்களின் அச்சு அதில் பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் வைப்பார்கள். நூறாண்டுக்கு முன் கையால் பள்ளம் இழைத்த துப்பாக்கிகளில் ஒரே ஜோடியின் இடக்குழலும் வலக்குழலும்கூடச் சற்று மாறலாம். விட்டம், எடை, நீளம், உட்பொருள், குழலின் அச்சு எல்லாம் ஒத்துப்போனபின்தான் அனுபவசாலிகள் மருந்துக் கையேட்டைத் திறக்கிறார்கள், அப்போதும் அதில் உள்ள மிகக் குறைந்த அளவிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒன்று உதைத்தாலும் அந்தக் குண்டைத் தோட்டாக்கூட்டுக்கு அருகிலேயே கொண்டுபோவதில்லை.