நாட்பட்ட நோய்களும் நலக்கல்வியும்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. நீரிழிவும் தொடக்க நிலையில் பலருக்கு எவ்விதத் தொல்லையும் அளிப்பதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் ஒருவர் ஒரு மாதம் மாத்திரை உட்கொண்டபின், உடல் தேறிவிட்டதெனக் கருதி அதை நிறுத்திவிடுவதற்கு இதுவே முதற் காரணம். கைப்பணத்தைக் கொண்டே மருந்து வாங்கும் குடும்பத்தில், குறைத்துக் கொள்ளக் கூடிய செலவாக முதலில் தென்படுவதும் அம்மாத்திரையே. பக்கவாதமோ மாரடைப்போ நேரும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரிய வருகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது. 2018 செப்டம்பரில் தொடங்கப் பெற்ற பிரதம மந்திரி ஜன் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. புறநோயாளியாக ஆண்டு முழுதும் பெறவேண்டிய மருந்து அதில் அடங்காது. எனவே நாட்பட்ட நோயின் அன்றாடச் செலவைப் பொறுத்தவரை, திட்ட அட்டை வைத்திருப்பவரும் காப்பீடு இல்லாதவரே ஆவார். அவருக்குத் துணை நிற்பவை அரசு நிலையத்தின் இலவச மருந்தும், அதை விடாமல் உட்கொள்ளச் செய்யும் நலக்கல்வியுமே.

2017 நவம்பரில் 5 மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி இவ்விரண்டையும் இணைத்தது. எல்லா நிலையங்களிலும் ஒரே சிகிச்சை முறை, 30 நாட்களுக்கான மாத்திரை ஒரே தவணையில், வீட்டிற்கு அருகிலேயே மறுபடி மருந்து பெறும் வசதி, தவறிய நோயாளியைத் தேடிச் செல்லுதல் ஆகியவை அதன் கூறுகள். அளவு 140/90-க்குக் கீழே வந்ததா என்பதை ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதுகின்றனர். வலியற்ற நோயை நோயாளியின் கண்ணுக்குப் புலப்படுத்தும் அந்த எண், எந்தச் சுவரொட்டியையும் விடச் சிறந்த ஆசிரியர்.

கற்பிக்கப்படும் செய்தி வாழ்க்கையோடு பொருந்தாவிடில் பயனில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டில் எவரும் உப்பை நிறுத்துப் போடுவதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறைக்கச் சொன்னால் விளங்கும். நீரிழிவுக்கான சிலவகை மாத்திரைகளை உட்கொண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடக்கூடும். நவராத்திரியிலும் ரமலானிலும் நோன்பிருப்போருக்கு இதை முன்கூட்டியே அறிவித்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர், பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பின் காயத்தை அறியமாட்டார். மாலையில் பாதங்களைப் பார்த்துக் கொள்ளும் பழக்கம் அவருக்குத் தேவை.

இவற்றை வீடு தேடிச் சென்று கூறுபவர் பெரும்பாலும் ஆஷா பணியாளரே. தாய் சேய் நலப் பணிகளுக்கிடையே 30 வயதைக் கடந்தோரின் படிவங்களை நிரப்பும் பொறுப்பும் அவரைச் சார்ந்தது. நிரம்பிய படிவங்களை எண்ணுவது எளிது. நிறுத்திய மாத்திரையை ஒருவர் மீண்டும் தொடங்கியதை எண்ணுவது அரிது. அவருடைய சொல்லை நம்பி, ஒருநாள் கூலியை இழந்து நிலையத்திற்கு வந்தவரிடம் மருந்து இருப்பில்லை என்று கூறப்பட்டால், அடுத்த மாதம் அவர் வருவது அரிது.