திமிங்கிலத்தின் உறவினர் யார்?

1818ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதியில், அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் விந்தையான வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. திமிங்கிலம் மீனா, அன்றா என்பதே அங்கு எழுந்த வினா.

வீண் வாதமன்று அது. மீன் எண்ணெய்ப் பீப்பாய்களை அரசு அலுவலர் சோதித்து முத்திரையிட வேண்டும், அதற்குரிய கட்டணத்தை வணிகர் செலுத்த வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் அவ்வாண்டில் சட்டம் இயற்றியிருந்தது. சாமுவேல் ஜட் என்னும் வணிகர், சோதிக்கப்படாத மூன்று பீப்பாய் திமிங்கில எண்ணெயை வாங்கினார். சோதனை அலுவலரான ஜேம்ஸ் மாரிஸ் அவர்மீது 75 டாலர் தண்டம் கோரி வழக்குத் தொடுத்தார். திமிங்கிலம் மீனே அன்று, ஆகவே அதன் எண்ணெய் மீன் எண்ணெயும் அன்று என்பது ஜட்டின் எதிர்வாதம்.

சாமுவேல் மிட்சில் என்னும் புகழ்பெற்ற அறிஞர் சாட்சிக் கூண்டில் ஏறினார். திமிங்கிலம் நுரையீரலால் சுவாசிக்கிறது, குட்டி ஈனுகிறது, பால் கொடுக்கிறது. ஆதலின் அது மீனாகாது என்று விளக்கினார். நடுவர் குழுவினர் கேட்டனர், கூடிப் பேசினர், திமிங்கிலம் மீனே என்று தீர்ப்பளித்தனர்! மறு ஆண்டே சட்டமன்றம் அச்சட்டத்தைத் திருத்தித் திமிங்கில எண்ணெயை அதிலிருந்து நீக்கியது.

அந்நடுவர்களை நாம் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. கண் கண்டதையே அவர்கள் நம்பினர். கடலில் வாழ்கிறது, துடுப்பு இருக்கிறது, வால் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? நம் மொழியில் வழங்கும் திமிங்கிலம் என்னும் வடசொல்லுக்கே 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது என்பது பொருள். இடைக்கால ஐரோப்பாவில், சுத்தபோசன நாட்களில் புலால் விலக்கப்பட்டபோது, திமிங்கிலத்தின் சிற்றினத்தாராகிய கடற்பன்றிகளின் இறைச்சி மீன் என்ற கணக்கிலேயே உண்ணப்பட்டது. யோனாவை விழுங்கியதைப் பழைய ஏற்பாடு பெரிய மீன் என்றே குறிப்பிடுகிறது. அதையே மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம், பெருங்கடல் உயிர் என்னும் பொருள்பட 'கேட்டோஸ்' என்கிறது. இன்று உயிரியலார் திமிங்கிலக் கூட்டத்துக்கு வழங்கும் செட்டேசியா என்னும் பெயர் இச்சொல்லின் வழிவந்ததே.

ஆயின், உயிர்களை வகைப்படுத்தும் அறிஞர்கள் கண் கண்டதோடு நின்றுவிடுவதில்லை. அவர்கள் கேட்கும் வினா, 'நீ எங்கே வாழ்கிறாய்?' என்பதன்று, 'நீ யாருடைய வழித்தோன்றல்?' என்பதே. அவ்வினாவுக்கு விடை காணும் வழியைத் திமிங்கிலத்தைக் கொண்டே அறிந்துகொள்வோம்.

அடுக்கி வைத்தவர்கள்

உயிர்களைப் பாகுபடுத்தும் ஆவல் மாந்தர்க்கு மிகப் பழமையானது. நம் தொல்காப்பியத்தின் மரபியல், ஓரறிவுடைய புல் மரம் தொடங்கி ஆறறிவுடைய மனிதர் ஈறாக, அறியும் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை வரிசைப்படுத்துகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, ஓங்கில்கள் காற்றைச் சுவாசித்துக் குட்டிகளுக்குப் பாலூட்டுவதைக் கண்டறிந்து அவற்றை மீன்களிலிருந்து பிரித்து வைத்தார்.

இன்றைய வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்டவர் சுவீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ். ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்னும் இரு சொற்பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டியவர் அவரே. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இன்று மாணவர்கள் பயிலும் அடுக்கு, அவர் தொடங்கியதன் வளர்ச்சியே. அவர் கூட 1735இல் வெளியிட்ட தம் நூலின் முதற்பதிப்பில் திமிங்கிலங்களை மீன்களுடனேயே சேர்த்திருந்தார். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் வெப்பக் குருதி, நுரையீரல், பாலூட்டல் முதலியவற்றைக் கருதி, அவற்றைப் பாலூட்டிகளின் வகுப்பில் வைத்தார். நியூயார்க் நடுவர்கள் தீர்ப்பளித்தது அதற்கு 60 ஆண்டுகள் கழித்து!

ஒப்புமையும் உறவும்

லின்னேயஸ் உயிர்களை ஒப்புமையால் அடுக்கினார். அவ்வொப்புமை ஏன் ஏற்பட்டது என்பதற்கு விடை தந்தவர் சார்லஸ் டார்வின். பொது முன்னோரிடமிருந்து கிளைத்தமையாலேயே உயிர்கள் ஒத்திருக்கின்றன; ஆகவே மெய்யான வகைப்பாடு என்பது குலமரபுப் பட்டியலே என்று 1859இல் அவர் எழுதிய நூல் எடுத்துரைத்தது.

ஆனால் எல்லா ஒப்புமையும் உறவைக் காட்டுவதில்லை. சுறாவும் திமிங்கிலமும் வடிவில் ஒத்திருப்பது, இரண்டும் ஒரே நீரைக் கிழித்துச் செல்ல வேண்டியிருப்பதால். வாலைக் கவனியுங்கள்: மீனின் வால் செங்குத்தாய் நின்று இடமும் வலமும் அசைகிறது, திமிங்கிலத்தின் வால் கிடையாய் அமைந்து மேலும் கீழும் அசைகிறது. நிலத்தில் பாய்ந்தோடும் நாற்கால் விலங்கின் முதுகு வளையும் முறை அது. துடுப்பின் தோலை நீக்கிப் பார்த்தால், நம் கையில் உள்ளவாறே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டு, விரல்கள் என்று வரிசையாக அமைந்திருக்கும். பின்னங்கால் இல்லை, ஆயினும் இடுப்பெலும்பின் எச்சம் தசைக்குள் புதைந்து கிடக்கிறது.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கடலோரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையொதுங்கியதை நம் வாசகர் பலர் நினைவுகூர்வர். மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட அரும்பாடுபட்டும் பல மாண்டன. காற்றைச் சுவாசிக்கும் உயிர் கரையில் ஏன் மடிய வேண்டும்? நீரின் தாங்குதல் இல்லாதபோது, அதன் எடையே அதன் உடலை நசுக்குகிறது. தடித்த கொழுப்புப் போர்வைக்குள் உடற்சூடு மிகுகிறது. மூச்சு நிலத்து முன்னோர் தந்தது. உடலோ கடலுக்கென்றே மாறிவிட்டது.

சரி, பாலூட்டி என்பது தெளிவாயிற்று. எந்தப் பாலூட்டிக்கு நெருங்கிய உறவு? இங்கேதான் வில்லி ஹென்னிக் என்னும் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் 1950இல் எழுதிய நூலில் வகுத்த விதி துணைசெய்கிறது. கொள்ளுப்பாட்டனின் சுருள்முடி ஒரு குடும்பத்தின் எல்லாக் கிளையினரிடமும் காணப்பட்டால், எக்கிளைக்கு எக்கிளை நெருக்கம் என்று அதைக் கொண்டு கூற இயலாது. ஆனால் ஒரு பாட்டியிடம் புதிதாகத் தோன்றிய அடையாளம் அவர்தம் வழியினரிடம் மட்டும் காணப்பட்டால், அவர்கள் ஒரு கிளையினர் என்பது உறுதி. பாலூட்டல் எல்லாப் பாலூட்டிகட்கும் பொதுவான பழஞ்சொத்து. அது திமிங்கிலத்தின் வகுப்பைக் காட்டும். அந்த வகுப்புக்குள் நெருங்கிய உறவினரைக் காட்டாது. அதற்குப் புதிய அடையாளம் ஒன்று வேண்டும்.

எலும்புக்கும் மரபணுவுக்கும் வழக்கு

இவ்வாறு இரண்டாம் வழக்கு தொடங்கியது. இம்முறை நீதிமன்றத்தில் அன்று, ஆய்வுக்கூடங்களில். மெசோனிக்கிட் எனப்படும், அழிந்துபோன, குளம்புடைய ஊனுண்ணிகளே திமிங்கிலங்களின் முன்னோர் என்று 1966இல் லீ வான் வேலன் என்னும் அமெரிக்க அறிஞர் கருத்துரைத்தார். இரண்டின் பற்களும் முக்கோண வடிவில் வியத்தகு முறையில் ஒத்திருந்தன. புதைபடிவ ஆய்வாளர் பலரும் அதை ஏற்றனர்.

பின்னர் மரபணு ஆய்வாளர்கள் வேறு கதை சொன்னார்கள். திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவினர் நீர்யானை என்றார்கள்! 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய அறிஞர் நோரிஹிரோ ஒக்காடாவின் குழுவினர் காட்டிய சான்று குறிப்பிடத்தக்கது. மரபணு இழையில் சில சிறு துண்டுகள் எப்போதேனும் தம்மைப் படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும். செருகியபின் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிடும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வர். இரு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று அவர்கள் முடிவு செய்வதில்லையா? அவ்வாறே திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் ஒரே இடங்களில் ஒரே துண்டுகள் இருந்தன. பசுவிலும் பன்றியிலும் ஒட்டகத்திலும் அவ்விடங்களில் அவை இல்லை.

பற்கள் ஒன்றைச் சொல்ல, மரபணு மற்றொன்றைச் சொன்னது. தீர்ப்புக் கூற வாக்கெடுப்பு நடத்தவில்லை, கணுக்காலைத் தேடினார்கள். ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை முதலிய இரட்டைக் குளம்பினத்தின் கணுக்கால் எலும்பில், மேலும் கீழும் கிணற்றுக் கப்பியைப் போன்ற பள்ளம் இருக்கும். வேறு எந்த விலங்குக்கும் இவ்வமைப்பு இல்லை. பழந்திமிங்கிலத்துக்குக் கணுக்கால் இருந்திருந்தால் அது எப்படி இருந்தது?

2001 செப்டம்பரில், ஒரே வாரத்தில், இரு குழுவினர் விடையளித்தனர். ஹான்ஸ் தெவிசன் குழுவினர், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் நான்கு கால்களுடன் நடந்த பாகிசீட்டஸ் என்னும் பழந்திமிங்கிலத்தின் எலும்புகளை வெளியிட்டனர். பிலிப் ஜிஞ்சரிச் குழுவினர் பலுசிஸ்தானில் கிடைத்த வேறு இரு பழந்திமிங்கிலங்களை வெளியிட்டனர். எல்லாவற்றின் கணுக்காலிலும் இரட்டைக் கப்பி இருந்தது! மெசோனிக்கிட் கொள்கையை ஆதரித்து வந்த ஜிஞ்சரிச், தாமே கண்டெடுத்த எலும்பின் முன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பற்களின் ஒப்புமை, ஊனுண்ணும் பழக்கத்தால் தனித்தனியே விளைந்தது எனத் தெளிவாயிற்று.

காஷ்மீரத்துக் கற்கள்

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஜம்மு காஷ்மீரில் காலாகோட் என்னுமிடத்தில் இந்திய நிலவியல் அறிஞர் ஏ. ரங்கராவ் சேகரித்த பாறைகளில், இண்டோஹையஸ் என்று 1971இல் அவர் பெயரிட்ட சிறு குளம்பு விலங்கின் எலும்புகள் இருந்தன. அவர் மறைவுக்குப் பின் அவருடைய துணைவியார் அக்கற்களைப் பேணிக் காத்தார். பின்னர் அவை தெவிசனிடம் சேர்ந்தன. மண்டையோடு ஒன்றைத் துப்புரவு செய்கையில் காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே பார்த்தால், திமிங்கிலங்களுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட தடித்த சுவர்! நீரில் அமிழ்ந்து நடக்க ஏற்ற கனத்த கால் எலும்புகளும் அதற்கு இருந்தன. 2007இல் தெவிசன், இந்திய அறிஞர் சுனில் பாஜ்பாய் முதலியோர் இதனை வெளியிட்டனர்.

இங்கு ஒன்றை மறவாதிருப்போம். இண்டோஹையஸ் திமிங்கிலத்தின் பாட்டன் அன்று. பாட்டனின் உடன்பிறந்தார் வழிவந்தது. நீர்யானையும் அவ்வாறே, ஒரு பொது முன்னோரின் மற்றொரு கிளை. உறவினர் என்பதை முன்னோர் என்று மயங்கக் கூடாது.

பெயர்களும் நம்மை மயக்கும். நீர்யானைக்கு யானை உறவன்று. பசுவும் மானும் அடங்கிய கூட்டமே அதற்கு உறவு. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடற்பசுவுக்கோ பசு உறவன்று, யானையே உறவு!

ஐயமும் தெளிவும்

இவற்றையெல்லாம் ஏற்பது விசுவாசத்துக்கு ஊறு விளைக்குமோ என்று தயங்கும் பெற்றோர் சிலர் உளர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் வெளியிட்ட சுற்றுமடலில், மனித உடலின் தோற்றம் பற்றிய இத்தகைய ஆய்வையும் கலந்துரையாடலையும் திருச்சபை தடுக்கவில்லை என்றும், ஆன்மாவோ இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்றும் கூறினார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996 அக்டோபரில் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு விடுத்த செய்தியில், பல துறைகளில் தனித்தனியே கிடைத்த சான்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைச் சுட்டி, பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று ஏற்றுக்கொண்டார். எலும்பும் மரபணுவும் திமிங்கிலத்தின் உறவை ஒருமுகமாய்ச் சொல்வது அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

நியூயார்க் நடுவர்கள் வழக்கத்தைக் கேட்டுத் தீர்ப்பளித்தார்கள். ஜிஞ்சரிச் சான்றைக் கேட்டுத் தம் தீர்ப்பையே மாற்றிக்கொண்டார். உண்மைக்குப் பணிவது தோல்வியன்று என்பதை இவ்விரண்டாம் வழக்கு நமக்குக் கற்பிக்கிறது.

திமிங்கிலம் மீனா என்று உங்கள் இல்லத்துப் பிள்ளை கேட்குமாயின், 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மேலும் கீழும் அசையும் வாலைச் சொல்லுங்கள். துடுப்புக்குள் மறைந்திருக்கும் விரல்களைச் சொல்லுங்கள். கப்பி போன்ற கணுக்காலைச் சொல்லுங்கள். விடையைக் காட்டிலும், விடை கண்ட வழியை அறிந்த பிள்ளையே கல்வி கற்ற பிள்ளை.