முந்தின பிள்ளை எதனால் தவறியது?

திருகோணமலையில் ஒரு பிள்ளை பிறந்தால், தாயும் சேயும் வீட்டுக்குப் போகுமுன்னே பிசிஜி ஊசி போட்டுவிடுவார்கள். காசநோயிலிருந்து எத்தனையோ கோடிப் பிள்ளைகளைக் காத்த ஊசி அது. ஆனால் அதற்குள் இருப்பது வலுக்குறைத்த, உயிருள்ள கிருமி. நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு அந்த வலுக்குறைந்த கிருமியே உடலெங்கும் பரவி எமனாகலாம்.

கடும் ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடு என்பது இந்த நோயின் பெயர். சுருக்கமாக ‘ஸ்கிட்’. அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உறவுக்குள் கலியாணம் செய்யும் சமூகங்களில் இது கூடும். தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மச்சாளைக் கட்டுவது நம் பக்கத்தில் புதினமா என்ன? இன்னொரு வகை தாய்வழியாக ஆண் பிள்ளைகளைத் தாக்கும். அதற்குச் சொந்தத்தில் கலியாணம் முடித்திருக்கத் தேவையில்லை.

பிறக்கும்போது பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் ஆறாத சளி, நிற்காத வயிற்றோட்டம், வாயில் மாறாத வெள்ளைப் படலம், ஏறாத நிறை. ‘கண்ணூறு’ என்று ஓதிப் பார்ப்பதிலேயே நாட்கள் போய்விடும்.

மருந்து என்று பார்த்தால் பெரும்பாலும் ஸ்டெம் செல் மாற்று, அதாவது எலும்பு மச்சை மாற்றுத்தான். 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் என்ற மருத்துவர், சகோதரியின் எலும்பு மச்சையைக் கொடுத்து ஒரு கைக்குழந்தையைப் பிழைக்க வைத்தார். பலர் நினைப்பதுபோல் பிள்ளையின் உடம்பில் கத்தி படுவதில்லை. இரத்தம் ஏற்றுவதுபோல் ஒரு பையிலிருந்து நரம்பு வழியே இறங்கும் கலங்கள், தாமே வழி கண்டு எலும்புக்குள் குடியேறுகின்றன. அந்நியக் கலத்தை எதிர்க்கும் படை இந்தப் பிள்ளையிடம் இல்லை. ஆகவே பொருந்தும் உடன்பிறப்புக் கிடைத்தால், கடும் மருந்துகூடக் கொடுக்காமல் சில வேளை மாற்றிவிடலாம். நோயின் பலவீனமே வைத்தியத்துக்குக் கதவு திறக்கிறது. உடன்பிறப்பு பொருந்தாவிட்டால், பாதி பொருந்தும் தாயோ தகப்பனோ கொடுக்கும் முறையும் இப்போது உண்டு.

ஆனால் காலம் முக்கியம். 2014இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்றுச் செய்த பிள்ளைகளில் 94 வீதமானோர் ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். ஏற்கெனவே தொற்று ஏறிவிட்ட பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

சென்னையில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு மாற்றுச் செய்கிறார்கள், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எண்பதுகளிலிருந்தே எலும்பு மச்சை மாற்றில் கைதேர்ந்தது. வள்ளம் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தச் செலவு எப்பேர்ப்பட்டது என்று எழுதித் தெரியவேண்டியதில்லை. என் கவலை அதற்கு முந்தியது. சென்னைக்கோ கொழும்புக்கோ வண்டி ஏறுமுன், நோயை இங்கே யார் கண்டுபிடிப்பது?

அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனைத் துண்டில் ‘லிம்போசைட்’ என்ற வெள்ளணு வரியைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு அது பெரியவர்களைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். மூவாயிரத்துக்குக் கீழே என்றால் மருத்துவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். மேற்கொண்டு ஆராய கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இத்தகைய குறைபாடுள்ள சிலரின் மலத்தில் சொட்டு மருந்தின் போலியோ வைரஸ் வெளியேறுவதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டு 2012இல் எழுதினார்கள். அந்த வைரஸ் பிறருக்கும் பரவக்கூடும் என்பதால், ஒரு வீட்டுப் பிள்ளையின் நோய் ஊருக்கே உரிய விஷயமாகிவிடுகிறது.

ஆகவே கிண்ணியா, மூதூர், குச்சவெளித் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ஒரு வயது முடியுமுன் தொற்றுநோயால் தவறிய பிள்ளை இருந்தால், மறைக்காதீர்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். பிரசவ வார்டிலும், பிசிஜி போடுமுன், மறுபடி சொல்லுங்கள்.