பட்டினியும் வளர்ச்சி இயக்குநீரும்

பட்டினி கிடக்கும் மீனின் குருதியில் வளர்ச்சி இயக்குநீர் (ஹார்மோன்) குறைந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். சால்மன், டிரௌட் மீன்களில் காணப்படுவதோ இதற்கு மாறானது. இரையற்ற வாரங்களில் பிட்யூட்டரிச் சுரப்பி அதனை மிகுதியாகவே சுரக்கின்றது. ஆயினும் மீன் வளர்வதில்லை. வளர்ச்சியைப் பெரிதும் நிகழ்த்துவது, அவ்வியக்குநீரின் தூண்டலால் கல்லீரலில் உருவாகும் ‘இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 1’ ஆகும். பட்டினியில் கல்லீரல் அத்தூண்டலுக்கு இணங்குவதில்லை, காரணி குன்றுகின்றது. மிகுந்து நிற்கும் இயக்குநீரோ சேமித்த கொழுப்பைக் கரைத்து உயிரைக் காக்கின்றது. ஆகவே ‘வளர்ச்சி இயக்குநீர்’ என்னும் கலைச்சொல் அதன் பணியில் ஒரு பாதியையே சுட்டுகின்றது எனக் கருதுகிறோம்; வகுப்பறையில் இதனைக் கூறாமல் விடுதல் தகாது. பசியைத் தூண்டுவதிலும் இதற்குப் பங்குண்டு: இது செலுத்தப்பட்ட டிரௌட் மீன்கள் பகைக்கு அஞ்சி ஒதுங்காமல் இரை தேடியமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.